படர்க்கையிலிருந்து தன்மைக்கு: பெண்ணிய எழுத்தும் தமிழ் இலக்கணமும்



பெண்ணிய எழுத்தாளர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று மன்றத்தார் கேட்டபோது, மொழியியல் படித்த நம்மை ஏன் அழைக்கின்றனர் என்னும் ஐயம் எழுந்தது. இலக்கியத் திறனாய்வில் நம்மினும் தேர்ந்தவர்கள் ஜொகூரிலேயே பலர் உளர். பின்னர், நமக்குத் தெரிந்த வழியாகவே இப்பொருளை அணுகலாம் எனத் துணிந்தோம். அவ்வழி இலக்கணம். ஆகவே, எவர் எந்நூலை எந்த ஆண்டில் எழுதினார் என்னும் பட்டியலை இவ்வுரையில் எதிர்பார்க்க வேண்டா. அது நூலகத்தில் கிடைக்கும்.

எளிய செய்தி ஒன்றிலிருந்து தொடங்குவோம். பெயரிடாத கடிதம் ஒன்று நம் கைக்கு வருகிறது. அதில் ‘நேற்று வந்தேன்’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் ஆணா, பெண்ணா? வினைமுற்று சொல்லாது. ‘நீ ஏன் வரவில்லை, நாளை வருவாயா’ என்று அக்கடிதம் கேட்டால், கேட்கப்பட்டவர் ஆணா, பெண்ணா என்பதும் தெரியாது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று மூன்றாமவரைச் சுட்டும்போதுதான் பால் வெளிப்படுகிறது. தன்மையும் முன்னிலையும் பாலுக்குப் பொது. ஒருமையில் ஆண் பெண் வேறுபாடு படர்க்கைக்கே உரியது. உயர்நிலைப்பள்ளி மாணவர் எவரும் அறிந்த விதி இது. நாமும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதனைக் கரும்பலகையில் கட்டம் போட்டு விளக்கியிருக்கிறோம்.

அவ்விதியின் மறுபக்கம் நமக்கு வெகுகாலம் புலப்படவில்லை. ஒரு பெண் தானே பேசும்போது, தமிழ் வினைமுற்று அவளைப் பெண் என்று பிரித்துக் காட்டுவதில்லை. பிறர் அவளைப் பற்றிப் பேசும்போதுதான் ‘ள்’ என்னும் ஈறு அவள்மேல் ஏறுகிறது.

பிரெஞ்சு நாட்டுச் சிந்தனையாளர் சிமோன் தெ போவார் 1949-இல் ‘இரண்டாம் பால்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். ஆண் தன்னையே மனிதனுக்குரிய அளவுகோலாக வைத்துக்கொண்டு, பெண்ணை அதற்குப் புறம்பான ‘மற்றது’ என்று வரையறுக்கிறான் என்பது அந்நூலின் அடிப்படை. பெண்மை என்று நாம் சொல்வன பலவும் பிறப்போடு வந்தவை அல்ல, வளர்ப்பாலும் வழக்கத்தாலும் ஆக்கப்பட்டவை என்றும் அவர் வாதிட்டார். இளமையில் அதனைப் படித்தபோது ‘மற்றது’ என்னும் கருத்து நமக்கு மிகவும் அருவமாகத் தோன்றியது. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் படித்தபோதுதான் அதற்கு நம் இலக்கணத்திலேயே ஒரு பெயர் இருப்பது விளங்கியது. அது படர்க்கை. பெண்ணைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளாகப் பேசியிருக்கிறார்கள்; பாடியிருக்கிறார்கள்; விதி செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் அவள் அப்பேச்சின் படர்க்கை இடத்தில் இருந்தாள். பெண்ணிய எழுத்தாளர்கள் செய்த பணியை ஒரு தொடரில் சொல்லச் சொன்னால், படர்க்கையில் இருந்தவளைத் தன்மைக்குக் கொண்டு வந்தார்கள் என்போம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தன்மை இடத்தில் ‘நான்’ என்று எழுதிவிட்டால் மட்டும் அது பெண்ணின் குரல் ஆகிவிடாது. நம் அகப்பாடல்களை எண்ணிப் பாருங்கள். தலைவி கூற்றாக அமைந்தவை எத்தனை! ‘நான் துயில்கிலேன், நான் மெலிந்தேன்’ என்று பெண் பேசுவதுபோல் அமைந்த பாட்டை எழுதியவர் பெரும்பாலும் ஆண். வெள்ளிவீதியார், ஔவையார் போன்ற பெண்பாற் புலவர் பாடியவையும் உண்டு. ஆயினும் கூற்று மரபு இருபாலார்க்கும் ஒன்றே. ஆண் புலவர் பெண்ணின் தன்மையில் பாடலாம் என்பது நம் கவிமரபின் பெருமைகளுள் ஒன்று என்றே இன்றும் கருதுகிறோம். ஆனால், தன்மை என்னும் இருக்கையும் கடனாகப் பெறத்தக்கது என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

இனி, ‘அப்படியானால் இலக்கணத்தைத் திருத்திவிட்டால் சமத்துவம் வந்துவிடுமோ?’ என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காண நம் தோட்டப்புறங்களைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் இல்லை. பழைய ரப்பர்த் தோட்டங்களில் தமிழரும் தெலுங்கரும் அடுத்தடுத்த லயங்களில் வாழ்ந்தனர். தமிழில் ‘அவள் வந்தாள்’, ‘மாடு வந்தது’ என்பன வேறுவேறு. தெலுங்கிலோ ஒருமையில் பெண்ணுக்கும் மாட்டுக்கும் வினைமுற்று ஒன்றே. பன்மையில்தான் பெண் ஆணோடு சேர்ந்து உயர்திணை ஆகிறாள். தோட்டத்து எல்லையைத் தாண்டினால் மலாய்க் கம்பம். மலாய் மொழியில் அவனும் ‘டியா’, அவளும் ‘டியா’. வினைக்குப் பாலே இல்லை. பெண்ணை அஃறிணையோடு சேர்க்கும் மொழி, பெண்ணுக்குத் தனி ஈறு தரும் மொழி, ஆண் பெண் என்று பிரிக்கவே பிரிக்காத மொழி ஆகிய மூன்றும் ஒரே வட்டாரத்தில் இருந்தன.

கூலி எப்படி இருந்தது? 1920-களின் இறுதியில் மலாயாத் தோட்டங்களில் தென்னிந்தியத் தொழிலாளர்க்கு அரசு விதித்த நாட்கூலி, போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. தமிழ்ப்பெண்ணுக்கும் 40, தெலுங்குப்பெண்ணுக்கும் 40. கம்பத்து மலாய்ப்பெண் படித்து ஆசிரியரானாலும் அரசு ஊதியத்தில் உடன் பணியாற்றிய ஆணுக்குக் கீழேதான் இருந்தாள். ‘டியா’ என்னும் பொதுச்சொல் அவளைக் காப்பாற்றவில்லை. ஆகவே சமத்துவமின்மைக்கு வினைமுற்றைக் குற்றஞ்சாட்டும் வழக்கில் நாம் சேர மாட்டோம். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. சொற்களின் எடையில் இருக்கிறது.

அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1975-இல் ‘மொழியும் பெண்ணின் இடமும்’ என்னும் சிறுநூலை எழுதினார். சொல்லாய்வுக்குத் தம் சொந்த மொழியுணர்வையே பெரிதும் சான்றாகக் கொண்டார் என்று பின்வந்தோர் குறை கூறினர். அக்குறை நேரியதே. ஆயினும் அவர் கையாண்ட சோதனை மிக எளிது. நம் வகுப்பறையிலும் செய்து பார்க்கலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் இணையாக வழங்கும் சொற்களை எடுத்து எதிரெதிரே வைத்து, எடை சமமா என்று பார்ப்பது. ஆங்கிலத்தில் மணமாகாத ஆணைக் குறிக்கும் ‘பேச்சிலர்’ சற்று மிடுக்கானது. மணமாகாத பெண்ணைக் குறிக்கும் ‘ஸ்பின்ஸ்டர்’ இரக்கத்துக்கும் ஏளனத்துக்கும் இடையில் நிற்பது.

அச்சோதனையைத் தமிழுக்குக் கொண்டு வருவோம். ‘இல்லாள்’ என்னும் சொல்லுக்கு ஆண்பால் என்ன? வடிவப்படி ‘இல்லான்’ என்று வர வேண்டும். ஆனால் இல்லான் என்றால் வீட்டுக்கு உரியவன் அல்லன், பொருளில்லாதவன். ஒன்று வீட்டைக் குறிக்கும் ‘இல்’ என்னும் பெயரடியாகப் பிறந்தது. மற்றது இன்மையைக் குறிக்கும் ‘இல்’ என்பதிலிருந்து பிறந்தது. இருவரும் உருவத்தால் இணை, பொருளால் அயலார். வீடு பெண்ணுக்கு அடையாளம். ஆணுக்கோ பணமே அடையாளம். புலவர்கள் இதை வைத்து நயமாக விளையாடியிருக்கிறார்கள். நாம் நயத்தைச் சுவைத்துவிட்டு, அதனுள் இருக்கும் சமூக ஏற்பாட்டைக் கவனியாமல் போனோம்.

இக்காலத்தில் ‘இல்லத்தரசி’ என்கிறோம். மலாய்ப் படிவங்களில் ‘சூரி ரூமா’ என்றிருக்கும். ‘சூரி’ அரசியையும் ‘ரூமா’ வீட்டையும் குறிப்பன. அங்கும் வீட்டின் அரசி, இங்கும் வீட்டின் அரசி. இரு மொழிகள் ஒரே முடியைச் சூட்டுகின்றன. 1972-இல் நாம் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது, படிவத்தை நிரப்பிய அலுவலர் தந்தையின் தொழில் என்ற இடத்தில் தோட்டத் தொழிலாளி என்று எழுதினார். தாயின் தொழில் என்ற இடத்தில், எம்மைக் கேளாமலேயே, ‘சூரி ரூமா’ என்று எழுதினார். எம் அன்னையார் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றில் எம் தந்தையாரின் நிரைக்குப் பக்கத்து நிரையில் மரம் சீவினார். காண்டாவாளியின் தழும்பு அவர் தோளில் இறுதிவரை இருந்தது. கைக்குழந்தையாக எம்மை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அலுவலரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மதிப்பான சொல்லைத்தான் எழுதினார். அதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

கணவனை இழந்தவளைக் குறிக்கும் சொற்களைச் சற்று விரிவாகக் காண்போம். ‘விதவை’ வடசொல். ஆங்கில ‘விடோ’வும் அதே இந்தோ-ஐரோப்பிய மூலத்தினது. ஆங்கிலத்தில் மனைவியை இழந்தவனுக்கு, பெண்பாற் சொல்லின்மேல் ஈறு சேர்த்து ஆண்பாற் சொல்லை உண்டாக்கினர். பெண்பாலிலிருந்து ஆண்பால் பிறந்த அரிய சொற்களுள் அது ஒன்று. தமிழ்ப் பேச்சு வழக்கில் அப்படி ஒரு சொல் உண்டா? பெரியார் ஈ.வெ.ரா. குடி அரசு இதழில் எழுதிய கட்டுரைகளில் இத்தகைய கேள்விகளை விடாமல் எழுப்பினார். ‘கற்பு’ என்பதைக் ‘கல்’ என்னும் பகுதியிலிருந்து பிரித்து, ‘படி’யிலிருந்து ‘படிப்பு’ வந்ததுபோல் வந்தது என்று காட்டி, அது பெண்ணின்மேல் மட்டும் சுமத்தப்பட்டதற்குச் சொல்லில் இடமில்லை என்றார். மொழியியலில் பட்டம் பெறாதவர் அவர். ஆனால் ஒரு சொல்லுக்கு இணை ஏன் இல்லை என்று கேட்பது லேக்காஃபுக்குப் பல பத்தாண்டுகள் முற்பட்ட மொழியியல் வினா.

நம் துறையின் நேர்மைக்காக ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழில் அத்தகைய இணை முற்றிலும் இல்லாமற் போகவில்லை. தொல்காப்பியம் காஞ்சித்திணையில் இரு துறைகளைக் கூறுகிறது. கணவனை இழந்தாள் நிலை ‘தாபதநிலை’. மனைவியை இழந்தான் நிலை ‘தபுதாரநிலை’. பார்த்தீர்களா, இருவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார் என்று மகிழலாம். ஆனால் சொல்லைப் பிரித்தால் மகிழ்ச்சி குறைகிறது. தபுதாரம் என்பது மனைவி இறந்தமையைச் சொல்கிறது, அவ்வளவே. தாபதம் தவத்தைச் சொல்கிறது. அவனுக்கு நேர்ந்தது ஓர் இழப்பு. அவளுக்கு நேர்ந்தது ஒரு வாழ்க்கைமுறை. அவன் துறை இலக்கணத்திலேயே தங்கிவிட்டது. தபுதாரன் என்ற சொல்லை இன்று சட்டத் தமிழிலன்றித் தெருவில் எவரும் வழங்குவதில்லை. அவள் நிலையோ வெள்ளைப் புடவையாகவும் சகுனமாகவும் தெருவில் நடமாடியது.

கற்பு பற்றியும் அப்படியே. தொல்காப்பியத்தில் கற்பு என்பது களவுக்கு எதிரான வாழ்க்கைக் கட்டத்தின் பெயர். கற்பியல் என்பது தலைவன் தலைவி இருவரின் இல்லறம் பற்றிய இயல். அதே நூலில் அது பெண்ணுக்குரிய பண்பின் பெயராகவும் வருகிறது. இரு பொருளும் அருகருகே இருந்தன. பின்வந்த நூற்றாண்டுகள் ஒன்றை வளர்த்து மற்றொன்றை உதிர்த்தன. பொருட்சுருக்கம் என்று இதனை மொழியியல் கூறும். சொல் தானாகச் சுருங்குவதில்லை. யாரோ ஒருவருக்கு அச்சுருக்கம் தேவைப்படுகிறது.

விதவை என்பதில் பொட்டில்லை, ‘கைம்பெண்’ என்றால் இரு பொட்டு வந்துவிடும் என்று மேடைகளில் சாதுரியமாகச் சொல்வர். புள்ளியைப் பொட்டாகக் காணும் அவ்வுள்ளம் நல்லுள்ளம்தான். ஆனால் புதிய சொல்லின் தலையிலும் பழைய சுமையே ஏறிக்கொண்டதை நாம் பார்த்துவிட்டோம். மலாய் மொழியில் ‘ஜண்டா’, ‘டூடா’ என்று இருபாலுக்கும் சொல் உண்டு. இணை இருந்தும் ஏச்சாகப் பயன்படுவது ஜண்டாவே. இணைச்சொல் இல்லாமை நோயின் ஓர் அறிகுறி. சொல்லை உண்டாக்கிக் கொடுத்தால் நோய் தீர்ந்துவிடாது.

சொல் இழிந்த வரலாற்றுக்குத் தமிழில் இதனினும் கடுமையான சான்று உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘தேவரடியார்’ என்பது மதிப்புள்ள பெயர். அவர்கள் கோயிலுக்குக் கொடை அளித்தனர். தம் பெயரைக் கல்லில் பொறித்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியதை முதலாம் இராசராசனின் கல்வெட்டு தெருவும் வீடும் குறித்து விவரிக்கிறது. அச்சொல்லின் சிதைவு இன்று என்னவாயிற்று என்பதை இவ்வவையில் சொல்ல வேண்டியதில்லை, அனைவரும் அறிவீர்கள். அந்தச் சமூகச் சூழலுக்குள் வளர்ந்து அதனை எதிர்த்து எழுந்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அவர் 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினத்தை வெளியிட்டார். கலைநயம் தேடிப் படிப்போர்க்கு அது ஏமாற்றம் அளிக்கலாம், பிரசாரம் மிகுதி. ஆனால் அதற்கு முன் அப்பெண்களைப் பற்றி எழுதப்பட்டவை கவர்ச்சியோ கண்டனமோ ஆகத்தான் இருந்தன. உள்ளிருந்து ஒருவர் கணக்கு வழக்கோடு பேசியது அப்போதுதான். சட்டமன்றத்தில் அதே போராட்டத்தை நடத்திய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயாரும் அச்சமூகத்தினரே. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் முதலாம் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெண்ணுக்கும் ஆணைப்போல் சொத்துரிமை வேண்டும், வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும், தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியராக அமர்த்த வேண்டும் என்றெல்லாம் தீர்மானித்தது. அத்தீர்மானத்தின் வழியில் மகளுக்குச் சம சொத்துரிமை தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-இல்தான் கொண்டு வந்தது. அறுபது ஆண்டுகள்! அதே 1929-இல் இங்கிலாந்தில் வர்ஜீனியா உல்ஃப், பெண் எழுத வேண்டுமானால் அவளுக்குச் சொந்த வருமானமும் தாழிடத்தக்க ஓர் அறையும் வேண்டும் என்று வாதிடும் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். செங்கற்பட்டும் இலண்டனும் ஒன்றையொன்று அறியா. சொத்து இல்லாமல் சொல் இல்லை என்பதை இரண்டும் கண்டுகொண்டன.

அடுத்த ஆண்டு, 1930-இல், இந்த ஜொகூரிலேயே ஒன்று நடந்தது. இபு ஸெய்ன் என்று அன்போடு அழைக்கப்பெற்ற ஆசிரியர் ஸைன் சுலைமான் முன்னின்று நடத்திய மலாய்ப் பெண்ணாசிரியர் சங்கம் ‘புலான் மெலாயு’ என்னும் இதழைத் தொடங்கியது. மலாயாவில் மலாய்ப் பெண்கள் தாமே நடத்திய முதல் இதழாக அதனைப் போற்றுவர். பெண்கள் தம் கல்வியைப் பற்றித் தாமே எழுதினர். பிற்காலத்தில் பெரும் எழுத்தாளராகிய அடிபா அமின் அவ்வம்மையாரின் மகளே. செங்கற்பட்டைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவு, நம் ஊர் இதழைப் பற்றி நமக்குத் தெரிவதில்லை. தமிழாசிரியர்கள் நம் மாணவர்க்கு இதனைச் சொன்னால் குறைந்து போக மாட்டோம்.

ஆசிரியர் என்றதும் மற்றொருவரையும் நினைக்க வேண்டும். பதின்ம வயதில் ஜான்சிராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை சென்றவர் ராசம்மா பூபாலன். பின்னாளில் ஆசிரியராகிப் பெண்ணாசிரியர் தொழிற்சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். ஒரே பாடம், ஒரே வகுப்பு, ஒரே தகுதி, ஊதியம் மட்டும் ஏன் குறைவு என்று அச்சங்கம் கேட்டது. அரசுப் பணியில் பெண்களுக்குச் சம ஊதியம் 1969 முதல் நடைமுறைக்கு வந்தது. இன்று இவ்வவையில் வீற்றிருக்கும் ஆசிரியைகளின் ஊதியச் சீட்டில் அவ்வழக்கின் முடிவு இருக்கிறது.

இனித் தற்காலத் தமிழ் எழுத்துக்கு வருவோம். அம்பை என்னும் புனைபெயரில் எழுதும் சி.எஸ். லட்சுமி, தமிழ்ப் பெண் எழுத்தாளரைப் பற்றி ஆராய்ந்து 1984-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகம் என்பது அதன் தலைப்பின் பொருள். நாம் முன்னர் சொன்ன எச்சரிக்கையை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது: பெண் கையெழுத்தில் வந்தவற்றிலும், ஆண் சமூகம் வரைந்து கொடுத்த படிமமே முகமூடியாக அமர்ந்திருக்கக்கூடும். ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்னும் அவருடைய கதையை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். இராசத்தான் நாட்டுப் பெருங்குடும்பம் ஒன்றின் இருண்ட சமையலறை அது. அங்கே பெண்களுக்கு அதிகாரம் இருக்கிறது. யாருக்கு எத்தனை பூரி என்று தீர்மானிக்கும் அதிகாரம். அந்த அதிகாரத்தையே பெரிதென நம்ப வைத்ததுதான் சிறை என்பதை அம்பை உரக்கச் சொல்லாமலேயே உணர்த்துகிறார். இல்லத்தரசியின் அரசு எவ்வளவு பரப்புடையது என்பதற்கு அதனினும் நல்ல நில அளவை இல்லை.

பாமாவின் ‘கருக்கு’ 1992-இலும் ‘சங்கதி’ 1994-இலும் வந்தன. தலித் பெண்கள் வயலிலும் தெருவிலும் பேசிய பேச்சை, வசவையும் நகைப்பையும் விடாமல், அவர் அச்சில் ஏற்றினார். இலக்கணப் பிழை என்றனர் சிலர். அவர்களை நாம் எளிதாகக் கடிந்துகொள்ள இயலாது. ஏனெனில் அதே நடையில் மாணவி ஒருத்தி தேர்வில் எழுதியிருந்தால் நம் சிவப்பு மையும் ஓடியிருக்கும். ‘நான்’ என்று பேசு என்று சொல்லிவிட்டு, எம் மொழியில் பேசு என்று நிபந்தனை விதித்தால் அது பாதி உரிமையே. சாதியும் பாலும் ஒரே உடம்பின்மேல் ஒருங்கே அமர்வதைப் பாமா காட்டிய பிறகு, ‘பெண்’ என்று பொதுவாகச் சொல்லி நகர்வது கடினமாயிற்று.

யாழ்ப்பாணத்தில் போர்ச்சூழலின் நடுவே 1986-இல் சித்ரலேகா மௌனகுரு தொகுத்து வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ ஈழத்துப் பெண் கவிஞரின் குரலை ஒன்றாகத் திரட்டியது. குட்டி ரேவதி 2002-இல் தம் கவிதை நூலுக்கு ‘முலைகள்’ என்று பெயரிட்டபோது தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சங்கப் பாடல்களிலும் சிலம்பிலும் பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல் அது. வகுப்பில் உரை சொல்லியிருக்கிறோம். படர்க்கையில் இலக்கியமாக இருந்த சொல், தன்மையில் வந்ததும் ஆபாசமாயிற்று. நம் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்றை நாமே புனைந்தாலும் கிடைக்காது.

மலேசியத் தமிழிலும் பாவை, ந. மகேஸ்வரி, க. பாக்கியம், நிர்மலா பெருமாள், நிர்மலா ராகவன் எனத் தொடர்ந்து எழுதிய பெண்கள் உளர். அவர்களைப் பற்றி முழுதாகப் பேச இன்னோர் உரை வேண்டும். நம்மினும் இளையவர் எவரேனும் அதனைச் செய்ய வேண்டும்.

இறுதியாகச் சட்டம். சொற்பொருள் பற்றிய வாதம் வெறும் வகுப்பறை விளையாட்டு என்று எண்ணுவோர்க்காக இதனைக் கூறுகிறோம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு, சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றால் வேறுபாடு காட்டலாகாது என்றிருந்தது. 2001-இல் அப்பட்டியலில் ஒரு சொல் சேர்ந்தது. மலாயில் அது ‘ஜந்தினா’. ஆணைக் குறிக்கும் ‘ஜந்தான்’, பெண்ணைக் குறிக்கும் ‘பெத்தினா’ ஆகிய இரண்டையும் பிணைத்து ஆக்கிய சொல். விடுதலை பெற்று 44 ஆண்டுகள் கழித்து வந்த ஒரு சொல்!

அதே அரசியலமைப்பின் குடியுரிமை விதிகளில் ‘தந்தை’ என்னும் சொல் இருந்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் தந்தை மலேசியர் எனில் பிள்ளைக்குக் குடியுரிமை சட்டப்படி கிட்டும். தாய் மட்டும் மலேசியர் எனில் அவர் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். மற்ற மாநிலத்தார்க்கு இது தொலைதூரச் செய்தி. நமக்கோ கடற்பாலத்தின் அக்கரையே வெளிநாடு. நாள்தோறும் விடியுமுன் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்லும் பெண்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அங்கே மணந்தவர் எத்தனை பேர்! அக்கரையில் பிறந்தால் விண்ணப்பம், இக்கரையில் பிறந்தால் குடிமகவு என்னும் நிலையில், நிறைமாதத்தில் பாலம் கடந்து வரும் தாயின் கணக்கு என்னவென்று ஜொகூர்க்காரர்க்கு விளக்க வேண்டியதில்லை.

தாய்மார் சிலர் வழக்குத் தொடுத்தனர். 2021 செப்டம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம், 8-ஆம் பிரிவோடு இசைத்துப் படித்தால் ‘தந்தை’ என்பது தாயையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பளித்தது. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாக அதனை மாற்றியது. தந்தை என்றால் தந்தையே என்பது அதன் நிலை. அகராதி நோக்கில் இரண்டாம் தீர்ப்பே சரி என்று நம் துறைத் தோழர் ஒருவர் வாதிட்டார். அவரோடு நாமும் உடன்பட்டோம். ஆகவேதான் சட்டத்தின் சொல்லையே மாற்ற வேண்டும் என்றோம். 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை அத்திருத்தத்தை நிறைவேற்றியது. தந்தை என்றிருந்த இடத்தில், பெற்றோருள் ஒருவரேனும் என்னும் பொருள் வந்தது. ‘பெற்றோர்’ என்பது பலர்பாற்பெயர். ஆண் பெண் பிரிக்காதது. திருத்தத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கு அது தானாகப் பொருந்துவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. அக்குடும்பங்கள் இன்னமும் படிவங்களோடு நிற்கின்றன.

படிவம் என்றதும் 1972-க்குத் திரும்புகிறோம். பள்ளியிலிருந்து வந்த அன்று மாலை, ‘என்னைப் பத்தி என்னப்பா எழுதுனாங்க?’ என்று எம் அன்னையார் கேட்டார். அவருக்கு மலாய் எழுத்துத் தெரியாது. சூரி ரூமா என்று எழுதியதையும், அதற்கு வீட்டு அரசி என்று பொருள் என்பதையும் பெருமையோடு சொன்னோம். அவர் மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

‘அப்படியா? அரசிக்கு நாளைக்கும் விடியக் காலையில பெரட்டு உண்டான்னு கேட்டியா?’ என்றார்.